நாலாம் சீட்டும் மாலி டீச்சரின் நாற்காலியும்

ஒரு முழு நாற்காலியில் உட்காரத் தெரியாத மனுஷி இந்த உலகத்திலேயே ஒருத்திதான். பதினோரு வருஷம் அவளோடு ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு போனவள் என்ற உரிமையில் இதை அடித்துச் சொல்வேன். சிம்மாசனத்தைக் கொண்டுவந்து போட்டாலும் அதன் ஓரத்தில் நாலு விரல் இடத்தில் ஒட்டிக்கொள்வாள். இடது காலைத் தரையில் ஊன்றி, கைப்பையை மடியில் நிறுத்தி, மீதி இடத்தை அப்படியே காலியாக விட்டுவிடுவாள். அது யாருக்கு என்று கேட்டால், "வருவாங்கல்லா" என்பாள்.

எங்கள் ரயில் பெட்டியில் அவளுக்குப் பெயர் நாலாம் சீட்டு.

பம்பாய் லோக்கலில் போகாத புண்ணியவான்களுக்காக ஒரு விளக்கம். பெஞ்சு மூன்று பேருக்குப் போட்டது. உட்காருவது நான்கு பேர். எந்தச் சட்டத்திலும் இது கிடையாது, ஆனால் மீறினால் பெட்டியே திரண்டு வந்து கேட்கும். நாலாவதாக வருகிறவள் வந்து நின்று, "தோடா சரக்னா" என்றால் மூன்று பேரும் நகர்ந்தாக வேண்டும். நகர்ந்து கிடைப்பது அரை சீட்டு. உடம்பில் பாதி உட்கார்ந்து வரும், பாதி நடைவழியில் தொங்கிக்கொண்டு வரும். நமக்கெல்லாம் அது என்றைக்காவது கிடைக்கிற கஷ்டம். அவளுக்கு அதுவே வாழ்க்கை.

ஹார்பர் லைன், காலை வண்டி, லேடீஸ் பெட்டி. ஜன்னலோரம் மைதிலி மாமி. மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்து, வாஷிக்குக் குடிவந்து பதினைந்து வருஷமாகிறது. இன்றைக்கும் வெண்டைக்காய் வாங்க மாட்டுங்காவுக்குத்தான் போவார். நடுவில் மந்தா தாயி, மராத்திக்காரர், கோர்ட்டில் டைப்பிஸ்ட். தாயி என்றால் மராத்தியில் அக்கா. மூன்றாவது நான். என் வீடு மான்குர்தில். அங்கே ஏறினால் உட்காருகிற பேச்சே இல்லை. ஆகவே ஆபீசுக்கு நேர் எதிர்த்திசையில் போகிற ரயிலில் ஏறி வாஷிக்குப் போய், அது திரும்பும்போது அதே பெட்டியில் உட்கார்ந்தபடி வருவேன். இதற்கு உல்டா போவது என்று பெயர். அரைமணி நேரம் முன்னால் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான். ஊரிலிருந்து வந்த என் அத்தானிடம் இதைச் சொன்னபோது, அவர் என்னை ஒரு டாக்டரிடம் காட்டச் சொல்லி என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்.

செம்பூரில் நாலாம் சீட்டு ஏறுவாள். பிறந்தது தாராவி, கட்டிக்கொடுத்தது செம்பூர். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். வீட்டுக்காரர் கப்பலில் சமையல்காரர், வருஷத்தில் முக்கால்வாசி தண்ணீரில் இருப்பார். அவள் தமிழ் பேசினால் பாளையங்கோட்டை, ஹிந்தி பேசினால் தாராவி, இங்கிலீஷ் பேசினால் மட்டும் எந்த ஊர் என்று கண்டுபிடிக்க முடியாத சுத்தம். அதைத்தான் அவள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டால் பதில் வருஷத்துக்கு ஒன்று. அவள் லீவ் வேகன்சி டீச்சர். எங்காவது ஒரு இங்கிலீஷ் டீச்சர் பிரசவத்துக்குப் போனால், அவர் திரும்பும்வரை இவள். ஒரு வருஷம் வடாலாவில் இறங்குவாள், மறுவருஷம் காட்டன் கிரீனில். பதினெட்டு வருஷத்தில் பதினான்கு பள்ளிக்கூடம். நிரந்தரம் என்று கேட்ட இடத்தில் எல்லாம் ஏதாவது ஒரு காரணம் சொன்னார்கள். போகப்போக அவளுக்கு ஒரு கண் வந்துவிட்டது. எதிர் பெஞ்சில் ஒரு டீச்சர் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு வந்தால் போதும், என் காதில் கிசுகிசுப்பாள்: "யக்கா, ஜூன்ல அவுகளுக்கு லீவு. எந்த ஸ்கூல்னு கேளுங்களேன்."

நல்லவேளை, நான் கேட்டதில்லை.

பரீட்சை சமயத்தில் எங்கள் பெஞ்சே ஒரு திருத்தும் நிலையமாகிவிடும். பேப்பர் கட்டைப் பிரித்து ஆளுக்குப் பத்தாகக் கொடுப்பாள். "மார்க்கு போடாதீய, தப்பை மட்டும் வட்டம் போடுங்க" என்பாள். மாமி வட்டமும் போட்டு ஓரத்தில் புத்திமதியும் எழுதுவார். மந்தா தாயிக்கு இங்கிலீஷில் சந்தேகம் வந்தால் வட்டம் போட்டுவிடுவது வழக்கம். சந்தேகம் அவருக்கு வார்த்தைக்கு வார்த்தை வரும். அந்த வருஷம் வடாலாவில் ஒரு வகுப்பு முழுக்க அழுதது என்று பிறகு கேள்விப்பட்டோம்.

மந்தா தாயியின் மகள் கல்யாணம், கல்யாண் ஊரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. முந்நூறு நாற்காலி. நாங்கள் சீக்கிரமே போய்விட்டதால் மொத்தமும் காலி. நாலாம் சீட்டு ஒரு நாற்காலியைத் தேர்ந்தெடுத்து அதன் ஓரத்தில் உட்கார்ந்தாள். பிளாஸ்டிக் நாற்காலிக்கு அந்தக் கணக்கு புரியுமா? ஒருபக்கமாகச் சாய்ந்து அவளைக் கீழே தள்ளிவிட்டுத் தானும் மேலே விழுந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஓடிவந்து தூக்கினார்கள். எழுந்தவள் புடவையைத் தட்டிக்கொண்டு, பக்கத்து நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்தாள். மாமி தலையில் அடித்துக்கொண்டார்.

இப்படிப்பட்டவள்தான் ஒருநாள் செம்பூரில் ஏறி, அரை சீட்டில் அமர்ந்து, கைப்பையிலிருந்து இரண்டு படிவங்களை எடுத்து நீட்டினாள். தாய்லாந்தில் ஏதோ ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர் வேலை. கம்ப்யூட்டரில் இன்டர்வியூ முடிந்துவிட்டது. உறவுக்காரர் அல்லாத, பத்து வருஷத்துக்கு மேல் பழகிய இரண்டு பேர் நற்சான்று எழுதித் தர வேண்டும்.

மாமி பேனாவைத் திறந்தார். முதல் கட்டத்திலேயே நின்றுவிட்டார்.

"ஏண்டி, உன் பேர் என்ன?"

எங்கள் யாருக்கும் தெரியாது. ரயில் சிநேகம் அப்படித்தான். ஒருத்தியின் மாமியார் மூட்டுவலிக்கு எந்தத் தைலம் தடவுகிறார் என்று தெரியும், பெயர் தெரியாது. அவளும் என்னை 'மூணாம் அக்கா' என்றுதான் கூப்பிட்டு வந்தாள்.

"சிரிக்கப்புடாது மாமி" என்று முன்ஜாமீன் வாங்கிக்கொண்டு பெயரைச் சொன்னாள். பைபிளிலிருந்து எடுத்த நீளமான, கம்பீரமான பெயர்.

"இந்தப் பேருக்கும் நோக்கும் என்னடி சம்பந்தம்?" என்றார் மாமி.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதனால் அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. 'எந்த வகையில் பழக்கம்' என்ற கட்டத்தில் மாமி, 'செம்பூரில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை' என்று இங்கிலீஷில் எழுதினார். 'குறைகள் ஏதேனும்' என்ற கட்டம் எனக்கு வந்தது. ரொம்ப யோசித்து, 'சரியாக உட்கார மாட்டார்' என்று எழுதினேன். அதையும் மீறி வேலை கொடுத்தார்கள்.

கடைசி நாள் சமோசா வாங்கிக்கொண்டு ஏறினாள். இன்றைக்காவது நீ முழுசாக உட்கார் என்று நான் எழுந்து, மூன்றாவது சீட்டை அவளுக்குக் கொடுத்தேன். குர்லா வருவதற்குள் வழுக்கி ஓரத்துக்குப் போய்விட்டாள். அரைமணி நேரப் பயணத்தில் அவளை நாலு தரம் இழுத்து உள்ளே போட்டோம்.

"எதுக்குடி இத்தனை தூரம்? இங்கயே இன்னொரு ஸ்கூல் கிடைக்காதா?" என்று கேட்டார் மாமி.

அவள் கையிலிருந்த சமோசாவைத் திரும்பப் பொட்டலத்தில் வைத்தாள்.

"கெடைக்கும் மாமி. ஆறு மாசத்துக்குக் கெடைக்கும். பதினெட்டு வருசமா அடுத்தவுக நாற்காலியிலயே உக்காந்துட்டேன். அவுக பிள்ளையப் பெத்துட்டு வந்து நின்னா எந்திரிக்கணும். எனக்கே எனக்குன்னு ஒண்ணு வேணும். எந்திரிம்மான்னு ஒருத்தரும் சொல்லப்புடாது. அங்க மூணு மாசம் பார்ப்பாவளாம். புடிச்சுதுன்னா பெர்மனெண்ட். புடிக்கலன்னா ரிட்டர்ன் டிக்கெட்."

முழு நாற்காலி கேட்கிற ஆளைப் பார் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும், ஒரு சமோசாவை எடுத்து அதே வாயில் போட்டுக்கொண்டேன்.

போன ஜூனில் போனாள். போன மறுநாளே எங்கள் நாலு பேர் வாட்சப் குரூப்பில் ஒலிச்செய்திகள் வர ஆரம்பித்தன. காலை வண்டியில் மந்தா தாயி போனை ஸ்பீக்கரில் போட, நாங்கள் கேட்டுக்கொண்டே போவோம். அவள் தமிழில் பேசியதை நான் ஹிந்தியில் மந்தா தாயிக்குச் சொல்ல, எதிர் பெஞ்சும் காதைத் தீட்டிக்கொள்ளும்.

முதல் வாரம் தண்ணீர்ப் பிரச்சனை. பிரச்சனை என்னவென்றால் இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர் வந்தது. தாராவியில் பிறந்த உடம்பு, விடிகாலையில் தானாக எழுந்து குழாயடியில் நின்றது. இரண்டு பக்கெட், ஒரு டிரம், சமையல் பாத்திரம் அத்தனையும் நிரப்பினாள். இவள் வாடகைக்கு இருந்த மாடியில் தினமும் விடியும் முன்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்கவே, வீட்டுக்காரம்மாள் வந்து எட்டிப் பார்த்தார். இவள் கையசைவில், 'நிரப்பி வைத்துக்கொள்வது நல்லது' என்று சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாள் பயந்துபோய்த் தன் வீட்டு டிரம்மை நிரப்பினார். அவரைப் பார்த்துப் பக்கத்து வீடு. நான்காவது நாள் அந்தத் தெரு முழுக்க டிரம்மும் குடமுமாக நிற்கிறது. யார் முதலில் சொன்னது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இவள் மட்டும் போனில், "இங்கயும் நம்ம மாதிரிதான்க்கா, எல்லாரும் புடிச்சு வைக்காவ" என்றாள்.

அடுத்து வண்டி. அந்த ஊரில் பஸ் என்பது பின்பக்கம் இரண்டு பெஞ்சு போட்ட சின்ன வேன். வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு எட்டு நிறுத்தம். பம்பாயில் வளர்ந்தவர்கள் இறங்கவேண்டிய ஸ்டேஷனுக்கு இரண்டு ஸ்டேஷன் முன்பே எழுந்து வாசலுக்கு நகர்ந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கூட்டம் இறங்கவிடாது. இவள் ஆறாவது நிறுத்தத்தில் எழுந்து நின்றாள். அந்த ஊர் டிரைவர்கள் மரியாதை தெரிந்தவர்கள். பயணி எழுந்ததும் வண்டியை நிறுத்திவிட்டார். எல்லோரும் இவளையே பார்த்துப் புன்னகைக்கிறார்கள். இறங்காமல் என்ன செய்வது? இறங்கி மீதி இரண்டு நிறுத்தம் நடந்தாள். மறுநாளும் அப்படியே. முதல் ஒன்பது நாள் நடந்தே பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்திருக்கிறாள்.

"உக்காந்திருந்தா என்ன?" என்று கேட்டேன்.

"முடியலக்கா. கால் தானா எந்திரிக்கி."

இதையும் தாங்கிக்கொள்ளலாம். மூன்றாவது வாரம் ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு நேரம் கழித்துப் போனாள். காரணம் கேட்டோம். காலையில் வேனில் இடம் கிடைக்காதே என்று, எதிர்த்திசையில் போகிற வேனில் ஏறி, கடைசி நிறுத்தம்வரை போய், அங்கே அந்த வண்டி திரும்புவதற்காகக் காத்திருந்து, உட்கார்ந்தபடி வந்திருக்கிறாள். வேனில் அன்றைக்கு மொத்தம் நான்கு பேர்.

மாமி என்னைப் பார்த்தார். "எல்லாம் உன்கிட்ட கத்துண்டதுடி."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் சீட்டில் ஜன்னல் கிடையாது என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

வகுப்பில் மட்டும் அவள் ராணி. பிள்ளைகளுக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. பிரின்ஸ்பாலும் நல்லபடியாகச் சொன்னார். பெர்மனெண்ட் உறுதி என்று நாங்கள் எதிர் பெஞ்சுக்கெல்லாம் சொல்லி, மந்தா தாயி பேடாகூட வாங்கிக் கொடுத்துவிட்டார். மூன்று மாதம் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது அந்த ஒலிச்செய்தி வந்தது. குரல் உடைந்திருந்தது.

"யக்கா, எம்மேல ரிப்போர்ட் எழுதிக் குடுத்துட்டாவ. இங்க மாலி டீச்சர்னு ஒரு பெரியம்மா இருக்காவ, இங்கிலீஷ் டிபார்ட்மெண்டுக்கு ஹெட்டு. அவுக கையெழுத்து இல்லாம எனக்கு பெர்மனெண்ட் கெடையாது. நான் அவுக எடத்தப் புடிக்க வந்திருக்கேன்னு பிரின்ஸ்பால்ட்ட சொல்லிட்டாவ. திங்கக்கிழம கூப்புட்டுக் கேப்பாவளாம். நான் ஒண்ணுமே பண்ணலக்கா. சீட்டு கேட்டேன், அவ்வளவுதான்."

மாமி போனைப் பிடுங்கி அப்போதே கூப்பிட்டார். "எப்படிடி கேட்டே? அதைச் சொல்லு."

விஷயம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. டீச்சர்கள் அறையில் ஃபேனுக்குக் கீழே, ஜன்னலை ஒட்டி ஒரு நல்ல நாற்காலி. அதில் மாலி டீச்சர் முப்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறார். முதுகுப் பலகையில் அவர் பெயரே எழுதியிருக்கிறது. இவள் போன முதல்நாளே அவர் பக்கத்தில் கைப்பையோடு போய் நின்று, சிரித்த முகத்தோடு இங்கிலீஷில் கேட்டிருக்கிறாள்: "நீங்கள் எதுவரைக்கும், டீச்சர்?"

பெரியம்மா புரியாமல் விழித்திருக்கிறார்.

"எப்போது இறங்குவீர்கள்? உங்களுக்கு அப்புறம் நான்."

அதோடு விட்டாளா? நம்ம ஊர் வழக்கப்படி, வேறு யாரும் முந்திவிடக் கூடாதே என்று வாரத்துக்கு ஒருதரம் ஞாபகப்படுத்தியிருக்கிறாள். "மறக்காதீர்கள் டீச்சர், உங்களுக்கு அப்புறம் நான்." பெரியம்மாவுக்கு வயது ஐம்பத்தெட்டு. ரிட்டயர் ஆக இன்னும் இரண்டு வருஷம். அதை நினைத்து ஏற்கனவே தூக்கம் வராமல் கிடக்கிறவரிடம், வெளிநாட்டிலிருந்து வந்த ஒருத்தி பையோடு தலைமாட்டில் நின்று, நீ எப்போது கிளம்புவாய் என்று கேட்டால் எப்படி இருக்கும்?

எனக்கும் மாமிக்கும் விஷயம் புரிந்துவிட்டது. மந்தா தாயி மட்டும் ஒன்றும் புரியாமல், "அரே, சஹி தோ பூச்சா!" என்றார். சரியாகத்தானே கேட்டிருக்கிறாள் என்று அர்த்தம். இங்கே அப்படித்தான் கேட்க வேண்டும். உட்கார்ந்திருப்பவர் எங்கே இறங்குவார் என்று கேட்டு, உங்களுக்கு அப்புறம் நான் என்று சொல்லிவிட்டால் அந்த சீட்டு உங்களுடையது. கடவுளே வந்தாலும் கொடுக்க வேண்டியதில்லை.

"அடி அசடே" என்றார் மாமி போனில். "உன் ஊர் வழக்கம்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன் மாமி. ரயில்ல அப்படித்தான் கேப்போம்னேன். ரயில்ல உனக்கு சீட்டு நம்பர் இருக்காதான்னு கேக்காவ. இல்லன்னு சொன்னா நம்ப மாட்டுக்காவ. மாமி, நான் திரும்பி வந்துட்டா எங்கயும் சேர முடியாது. நாப்பத்தொண்ணு ஆயிட்டு. லீவ் வேகன்சிக்குக்கூட இப்பல்லாம் சின்னப் பிள்ளைகளத்தான் கேக்காவ."

அழுகிறாள் என்று தெரிந்தது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

யோசனை மாமியுடையது. திங்கட்கிழமை நம்ம வண்டி ஓடுகிற நேரத்தில் அங்கே காலை பத்து மணி. மீட்டிங் நடக்கும்போது வீடியோ கால் போடட்டும். ஓடுகிற ரயிலில் வைத்தே நடித்துக் காட்டிவிடுவோம். நான் எழுந்து நின்று மாமியிடம் 'எங்கே இறங்குவீர்கள்' என்று கேட்க வேண்டும். மாமி 'வடாலா' என்று சொல்ல வேண்டும். நான் 'உங்களுக்கு அப்புறம் நான்' என்று சொல்ல வேண்டும். மந்தா தாயி போனைப் பிடித்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை போனிலேயே ஒத்திகை பார்த்தோம். மாமி தன் வசனத்தோடு கூட நாலு வரி சேர்த்துக்கொண்டார்.

திங்கட்கிழமை. கோவண்டி தாண்டியதும் கால் வந்தது. திரையில் நாலாம் சீட்டு, முகம் வீங்கிப்போய். ஒரு பக்கம் கண்ணாடி போட்ட பிரின்ஸ்பால். இன்னொரு பக்கம் வெள்ளை முடியைக் கொண்டை போட்ட மாலி டீச்சர், கையைக் கட்டிக்கொண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு.

மாமி தொண்டையைச் செருமினார். நான் எழுந்து நின்றேன். நான் செய்த ஒரே தப்பு அதுதான். வண்டி செம்பூரில் நின்றுகொண்டிருந்தது.

கூட்டம் ஏறியது. பச்சை துப்பட்டா போட்ட ஒருத்தி, கையில் டிபன் பையோடு, சர்ரென்று உள்ளே நுழைந்து என் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"பெஹன்ஜி, அது என் சீட்டு" என்றேன் ஹிந்தியில்.

"எழுந்தாய் இல்லையா? கதம்" என்றாள்.

"நான் நடிப்பதற்காக எழுந்தேன்!"

பெட்டியில் ஐம்பது பேர் சிரித்தார்கள். மாமிக்கு வந்ததே கோபம். பதினோரு வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. மாட்டுங்காத் தமிழில் தொடங்கி, ஹிந்தியில் ஏறி, இங்கிலீஷில் போய் நின்றார். பச்சை துப்பட்டா டிபன் பையை மடியில் நிறுத்திக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மந்தா தாயிக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் நின்ற காலேஜ் பெண்ணிடம், "இதைப் பிடி" என்று போனைக் கொடுத்துவிட்டுத் தானும் களத்தில் குதித்தார். நாங்கள் அந்த மீட்டிங்கையே மறந்துபோனோம்.

அந்தப் பெண் மறக்கவில்லை. போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, நல்ல இங்கிலீஷில் வர்ணனை கொடுத்துக்கொண்டிருந்தாள். இந்த ஆன்ட்டி சும்மா எழுந்தார், அந்த ஆன்ட்டி உட்கார்ந்துவிட்டார், ஜன்னல் ஆன்ட்டி இப்போது போலீசைக் கூப்பிடப் போகிறேன் என்கிறார், என்று ஒன்று விடாமல். திலக் நகர் வந்தது, போனது. கடைசியில் எனக்கே தொண்டை கட்டிப்போய், சமாதானத்துக்கு இறங்கி, அவளிடம் கேட்டேன்.

"சரி, கிதர் உத்ரேகி? எங்கே இறங்குவாய்?"

"வடாலா."

"உனக்கு அப்புறம் நான்."

"டீக் ஹை" என்றாள். காலேஜ் பெண் இதையும் அப்படியே இங்கிலீஷில் சொன்னாள். சண்டை அந்த நிமிஷமே முடிந்தது. மாமி தண்ணீர் குடித்தார். பச்சை துப்பட்டா மந்தா தாயிக்கு ஒரு ஏலக்காய் கொடுத்தாள்.

அப்போதுதான் போன் ஞாபகம் வந்தது. பதறிப்போய்ப் பார்த்தேன். திரையில் மாலி டீச்சரின் முகம் மட்டும் தெரிந்தது, போனுக்கு ரொம்பப் பக்கத்தில். கட்டியிருந்த கையை எப்போது எடுத்தார் என்று தெரியவில்லை. அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். குர்லா தாண்டி வண்டி பாலத்தில் ஏறியது, கால் கட் ஆகிவிட்டது.

அன்றைக்கு ஆபீசில் நான் ஒரு வேலையும் பார்க்கவில்லை. மாமி மணிக்கொருதரம் கூப்பிட்டு, "ஏதாவது வந்துதா?" என்றார். நம் சண்டையைப் பார்த்து, இந்த ஊர் ஆட்களே வேண்டாம் என்று முடிவு செய்திருப்பார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. அவளுடைய பதினெட்டு வருஷத்தை நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து செம்பூர் ஸ்டேஷனில் தொலைத்துவிட்டோம் என்று நினைத்தேன்.

சாயங்காலம் ஒரே ஒரு ஒலிச்செய்தி வந்தது.

"யக்கா, மாலி டீச்சர் கேக்காவ. அந்தப் பச்ச துப்பட்டாக்காரி வடாலாவுல எறங்குனாளா?"

நான் உண்மையைச் சொன்னேன். இறங்கவில்லை. வடாலாவில் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டாள். மஸ்ஜித் ஸ்டேஷன் வரைக்கும் வந்தாள். நான் கடைசிவரை நின்றுகொண்டேதான் போனேன்.

அரைமணி நேரத்தில் பதில் வந்தது. மாலி டீச்சருக்கு அடங்காத கோபமாம். சொல்லிவிட்டு இறங்காதவள் எல்லாம் ஒரு பொம்பளையா என்று அந்த ஊர் பாஷையில் பிரின்ஸ்பாலிடம் சண்டை பிடித்தாராம். நாலாம் சீட்டு அப்படிச் செய்கிறவள் இல்லை, முறையாகக் கேட்டிருக்கிறாள், கேட்டுவிட்டு மூன்று மாதம் பொறுமையாக நின்றிருக்கிறாள் என்று சொல்லிக் கையெழுத்தைப் போட்டுவிட்டாராம்.

அதோடு போகவில்லை. இப்போதெல்லாம் வாரத்தில் இரண்டு நாள் மாலி டீச்சரே வீடியோவில் வருகிறார். பச்சை துப்பட்டா மறுபடி கண்ணில் பட்டாளா என்று விசாரிக்கிறார். ஒருநாள் பட்டாள். மாமி போனை நேராக அவள் முகத்துக்கு முன்னால் நீட்டினார். தாய்லாந்திலிருந்து திட்டு வாங்கிய ஒரே ஹார்பர் லைன் பயணி அவளாகத்தான் இருப்பாள்.

போன மாதம் ஒரு போட்டோ வந்தது. புது மர நாற்காலி. முதுகுப் பலகையில் அந்த ஊர் எழுத்தில் வெள்ளைப் பெயிண்டால் ஏதோ எழுதியிருக்கிறது. பெர்மனெண்ட் ஆனவர்களுக்கு மட்டும்தான் அப்படிப் பெயர் போட்ட நாற்காலி. அந்த ஊரில் எல்லோருக்கும் ஒரு செல்லப்பெயர் உண்டாம், ஆபீசில்கூட அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். உனக்கு என்ன எழுத வேண்டும் என்று அவளைக் கேட்டார்களாம். பைபிள் பெயர் எவ்வளவு கம்பீரமாக இருந்தது! அதைத்தான் எழுதச் சொல்லியிருப்பாள் என்று நாங்கள் நினைத்தோம். மாமி அந்த எழுத்தைப் போனில் மொழிபெயர்க்கப் போட்டுப் பார்த்தார்.

'டீச்சர் நாலு' என்று வந்தது.

மாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் போட்டோவை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "உக்காந்திருக்கறதைப் பாரு கழுதை" என்றார். நாற்காலியின் ஓரத்தில் நாலு விரல் இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தாள். இடது கால் தரையில். மீதி இடம் முழுக்கக் காலி.

பம்பாயில் நாலாம் சீட்டை யாரும் யாருக்காகவும் பிடித்து வைக்க முடியாது, வைத்தால் அடி விழும். செம்பூரில் கூட்டம் ஏறி ஒருத்தி "தோடா சரக்னா" என்றால் நாங்களும் நகர்ந்து கொடுத்துவிடுகிறோம். ஆனால் வாஷியிலிருந்து செம்பூர் வரைக்கும் அந்த ஓரத்தில் என் கைப்பைதான் உட்கார்ந்து வருகிறது. இங்கே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டால், "வருவாங்கல்லா" என்று சொல்கிறோம். மந்தா தாயியும் தமிழிலேயே சொல்கிறார்.